பதினைந்தாயிரமா, நாற்பதாயிரமா

விவேக் நகர், பெங்களூர்
19 ஜூன் 1994, ஞாயிறு

என்னங்க,

சோஃபி ஒண்ணாங்கிளாஸ்ல உட்கார்ந்துட்டா. இந்த ஒரு வரியைப் படிச்சுட்டு, தண்ணி குடிச்சுட்டு, மிச்சத்தைப் படிங்க.

கோயில் பக்கத்து ஸ்கூல்ல காந்தா மிஸ் ஒத்துக்கிட்டாங்க. "நோடி, பாரு பிரிஜெட், கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் பார்ப்போம். நான் பேசறது அவளுக்குப் புரியலன்னா, சும்னே, சும்மா உட்கார வெச்சு குழந்தையை வதைக்கக் கூடாது"ன்னு சொன்னாங்க. நியாயம்தானே.

கஷ்டம் முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. சோஃபி நெஞ்சுல மாட்டியிருக்கற காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருசாக்குது. ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கற சத்தம், நாற்பது பிள்ளைங்க கத்தற சத்தம். அதுக்குள்ள காந்தா மிஸ் குரல் எங்க இருக்குன்னு அவ தேடிக்கிட்டே இருக்கா. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிடறா.

அதனால ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். திட்டாதீங்க. மிஸ்ஸோட சேலையில ஒரு சின்ன மைக். அதுலேர்ந்து வயர் இல்லாம குரல் நேரா சோஃபியோட பெட்டிக்கு வரணும். ரேடியோதான், ஆனா ஒரே கிளாஸுக்கு. சோஃபி பிறந்ததும் கம்பெனி வேலையை விட்டவ நான். ஆறு வருஷம் கழிச்சு சால்டரிங் அயர்னைத் தொட்டதும் எல்லாம் மறந்திருக்கும்னு நினைச்சேன். மறக்கல. டெஸ்டிங் செக்‌ஷன்ல உட்கார்ந்த மாதிரியே இருந்துச்சு. எஸ்.பி. ரோடு ரேடியோ கடைகள்ல சாமான் வாங்கினேன். பெட்டி சின்னதா இருக்கணும், பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாது. அதனால ஒரே ஒரு டிரான்சிஸ்டர் எல்லா வேலையும் செய்யற பழைய மாதிரி ரிசீவர் கட்டியிருக்கேன். சூப்பர்ரீஜெனரேட்டிவ்னு பேரு. பேருதான் பெருசு.

நேத்து நான் சமையல்கட்டுல நின்னு மைக்கை வாய்கிட்ட வெச்சு, சாதாரணமா, "சோஃபி, தோசை"ன்னு சொன்னேன். அவ வாசல்ல மண்ணுல விளையாடிக்கிட்டு இருந்தா. என் முகம் அவளுக்குத் தெரியாது. கையைத் தட்டிக்கிட்டு உள்ள வந்து தட்டை எடுத்து வெச்சா.

தோசை கருகிடுச்சு. எனக்கு அடுப்பு கண்ணுக்குத் தெரியல.

மைக்கை அணைச்சா பெட்டியில 'சோ'ன்னு இரைச்சல் வரும். அவ வெளியே கையை நீட்டிப் பார்க்கறா, மழையான்னு.

உங்க அண்ணன் வந்திருந்தார். சென்னையில இருக்கற காது கேளாத பிள்ளைங்க ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல பேசிட்டாராம். அடுத்த ஜூன்ல சீட். நீங்களும் சரின்னுட்டீங்களாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே.

உங்க
பிரிஜெட்

&nbsp;

மஸ்கட்
5 ஜூலை 1994

அன்புள்ள பிரிஜி,

நீ சொன்னபடி தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன். இங்கே கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் வேலை செய்கிறவனிடம் தண்ணீர் குடிக்கச் சொல்கிறாய். தோசை விஷயத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில் மலையாளி, இன்னொரு முறை படி என்றார்.

சென்னை விஷயம். அண்ணனிடம் நான் சரி என்று சொன்னது உண்மை. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. ஆனால் காரணத்தைக் கேள். நான் லீவில் வந்தபோது தெருவில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். சோஃபியும் ஒளிந்துகொண்டாள். ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளைக் கூப்பிட்டிருப்பார்கள், அவளுக்குக் கேட்டிருக்காது. நான் போய்ப் பார்க்கும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்து. உன்னிடம் அதைச் சொல்லவில்லை. அவளைப் போன்ற பிள்ளைகள் நடுவில் இருந்தால் கையால் பேசிக்கொள்வார்கள், யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அது இருக்கட்டும். ஒரு டிரான்சிஸ்டர் எப்படி எல்லா வேலையும் செய்யும்? நான் மீட்டரும் வால்வும் பார்க்கிற ஆள். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்
ஓஸ்வால்ட்

&nbsp;

விவேக் நகர்
20 ஜூலை 1994

என்னங்க,

தண்ணித்தொட்டி விஷயத்தை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். சரி, பாடத்துக்கு வர்றேன்.

பால் காய்ச்சறது தெரியுமில்ல? பொங்கி மேல வர்ற நேரத்துல அடுப்பைக் குறைக்கறோம், இறங்கினதும் மறுபடி ஏத்தறோம். இந்த டிரான்சிஸ்டரும் அப்படித்தான். அதை விட்டா தானே கூவ ஆரம்பிச்சுடும். காத்துல காந்தா மிஸ்ஸோட சிக்னல் வந்தா, இன்னும் சீக்கிரமாப் பொங்கும். எவ்வளவு சீக்கிரம் பொங்குதுங்கறதுதான் நமக்குக் கிடைக்கற குரல். பொங்கினதும் அணைச்சுடணும், மறுபடி விடணும். இப்படி ஒரு செகண்டுக்குப் பல ஆயிரம் தடவை. அந்த அணைக்கறதுக்குத்தான் குவென்ச்னு பேரு.

எத்தனை ஆயிரம் தடவைங்கறதுலதான் எல்லாமே இருக்கு. கம்மியா வெச்சா ஒவ்வொரு தடவையும் பொங்கறதுக்கு நிறைய நேரம் கிடைக்கும். தூரத்துக் குரல்கூட வரும். ஆனா ரொம்பக் கம்மியா வெச்சா, அந்த அணைக்கற சத்தமே விசில் மாதிரி காதுல கேட்கும். அதனாலதான் புஸ்தகத்துல எல்லாம் இருபதாயிரத்துக்கு மேல வைக்கச் சொல்றாங்க. மனுஷக் காதுக்கு அதுக்கு மேல கேட்காது.

இங்கதான் உங்க பொண்டாட்டி மூளையைப் பாருங்க. சோஃபிக்கு செகண்டுக்கு ஆயிரம் அதிர்வுக்கு மேல ஒண்ணுமே கேட்காதுன்னு டெஸ்ட் எடுத்தவங்க சொல்லியிருக்காங்க இல்லையா? அப்புறம் எதுக்கு இருபதாயிரம்? நான் பதினஞ்சாயிரம் வெச்சேன். மேல்குரலை, அதான் கீச்சுன்னு மேல ஏறற சத்தத்தை எல்லாம் ஒரு கெப்பாசிட்டர் போட்டு வெட்டிட்டேன், அவளுக்கு அது வேண்டாத இரைச்சல்தானே. இப்ப கிரவுண்டு கடைசியில நின்னாலும் கேட்குது! மிஸ் ஆபீஸ் ரூமுக்குப் போய் டீ குடிச்சுக்கிட்டே பேசினதையும் கேட்டுட்டு சிரிச்சிருக்கா. என்ன கேட்டான்னு சொல்ல மாட்டேங்கறா.

உங்க
பிரிஜெட்

&nbsp;

மஸ்கட்
6 ஆகஸ்ட் 1994

அன்புள்ள பிரிஜி,

பால் உதாரணம் பிரமாதம். ஃபோர்மேனுக்குச் சொன்னேன், அவருக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் ஒரு இடத்தில் மனசு நின்றுவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆயிரத்துக்கு மேல் கேட்காது என்று சொன்ன அந்த டெஸ்ட் எப்போது எடுத்தது? அவளுக்கு மூன்று வயசு. காதில் வைத்ததைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். ஒரு மணி நேரம் அழுதாள். 'இதை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்' என்று வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில் சொன்னது நீ. இப்போது நீயே அதை வைத்துப் பெட்டி கட்டியிருக்கிறாய். கேட்காததற்கு ஏற்ற மாதிரி கட்டினால், அவளுக்குக் கேட்கக்கூடியது ஏதாவது இருந்தாலும் அது வரவே வராது அல்லவா? மேல்குரலை நீயே வெட்டிவிட்டாயே. கதவைச் சாத்திவிட்டு உள்ளே யாரும் வரவில்லை என்று சொல்வது போல இருக்கிறது.

எங்கள் ஆலையில் ஒரு மீட்டர் வாங்கினால், இப்போது வருகிற அழுத்தத்துக்கு மட்டும் வாங்க மாட்டோம். இன்னும் ஏறினால் காட்ட முள்ளுக்கு இடம் வேண்டும் என்று பார்த்துத்தான் வாங்குவோம்.

நாற்பதாயிரம் வை. மேல்குரலையும் விடு. எனக்கு ரேடியோ தெரியாது, மன்னித்துக்கொள்.

ஓஸ்வால்ட்

&nbsp;

விவேக் நகர்
21 ஆகஸ்ட் 1994

ஓஸ்வால்டுக்கு,

உங்க லெட்டர் வந்தது.

'கேட்காததற்கு ஏற்ற மாதிரி' கட்டினது நான். ஊமைப் பிள்ளைன்னு சென்னைக்கு அனுப்ப சரின்னது யாரு? மஸ்கட்ல உட்கார்ந்துக்கிட்டு நாற்பதாயிரம் வைன்னு சொல்றது சுலபம்.

வெச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னீங்கங்கறதுக்காக. நாற்பதுல மூணாவது பெஞ்சுக்கு அப்புறம் மிஸ் குரல் வரல. பொங்கறதுக்கே நேரம் இல்ல. மிஸ் போர்டுகிட்ட போனதும் சோஃபி அவங்க பின்னாடியே எழுந்து போயிருக்கா. பிள்ளைங்க எல்லாம் சிரிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழட்டி அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டா.

மறுபடி பதினஞ்சுக்கு மாத்திட்டேன். கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் டைம். எனக்கு முள்ளுக்கு இடம் விட நேரம் இல்ல.

பிரிஜெட்

&nbsp;

மஸ்கட்
8 செப்டம்பர் 1994

என் பிரிஜி,

இன்று மாதா திருநாள். சிவாஜிநகர் கோயில் முன்னால் நீ காவிப் புடவையில் கூட்டத்தில் சிக்கிக்கொண்டு நிற்பாய், உன் செருப்பு ஒன்று தொலைந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஒன்று தொலையும். இங்கே டியூட்டி முடிந்து குளித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஒரு செபமாலை சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டேன்.

ஊமை என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அவள் பேசுகிறாள். நமக்குத்தான் இன்னும் முழுசாகப் புரியவில்லை.

பக்கத்தில் இருந்து ஒரு கம்பி பிடித்துக்கூடக் கொடுக்காதவன் நான். யோசனை மட்டும் சொன்னேன். உனக்குக் கோபம் வந்தது சரி. பதினைந்திலேயே வை. அவள் மிஸ் பின்னாலேயே எழுந்து நடந்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சென்னை பற்றி அண்ணனிடம் 'இப்போது பேச வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன். முடிவு சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம். இனி உன்னைக் கேட்காமல் எதற்கும் தலையாட்ட மாட்டேன்.

கோபம் போனால், லெட்டரில் என்னை 'என்னங்க' என்று கூப்பிடு. 'ஓஸ்வால்டுக்கு' என்று படித்ததும் கரண்ட் பில் வந்த மாதிரி இருந்தது.

உன்
ஓஸ்வால்ட்

&nbsp;

விவேக் நகர்
16 அக்டோபர் 1994

என்னங்க,

கோபம் எல்லாம் மாதா திருநாளன்னிக்கே போயிடுச்சு. செருப்பும் போயிடுச்சு. வேலையில முங்கிட்டேன், அதான் எழுதல.

நல்ல சேதி, கெட்ட சேதி ரெண்டும் இருக்கு.

நல்லது: பெட்டி வேலை செய்யறதைப் பார்த்துட்டு காந்தா மிஸ் இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கிட்டாங்க. ஹரிஷ். தர்மபுரிப் பக்கத்துலேர்ந்து வந்த குடும்பம், அப்பா கம்ப்யூட்டர் கம்பெனியில டிரைவர். இவனுக்கு சோஃபியைவிட கேட்கறது கம்மி. அவனுக்கும் ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தேன். ரெண்டு பேரையும் முதல் பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்சாங்க. சோஃபிக்கு ஒரே சந்தோஷம். அவன் நெஞ்சுல பெட்டி, இவ நெஞ்சுலயும் பெட்டி. ரெண்டு பேரும் டிஃபன் டப்பாவைத் திறந்து காட்டிக்கிட்டு, கையாலயே என்னென்னவோ பேசிக்கறாங்க. அப்ப நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, அவளை மாதிரி ஒருத்தர் வேணும்னு. அது சரிதாங்க. அதுல நீங்க தப்பா சொல்லல.

கெட்டது: ரெண்டாவது வாரம் சோஃபி அவன் பக்கத்துல உட்கார மாட்டேன்னுட்டா. காதுல இருக்கறதைப் பிடுங்கறா. மிஸ் என்னன்னு கேட்டா, உதட்டைக் குவிச்சு, ஹரிஷைக் கை காட்டி, "விஇல்"ங்கறா. அவன் விசில் அடிக்கறானாம். அந்தப் பையன் வாயை மூடிக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருக்கான். மிஸ் அவனையும் பார்த்து, இவளையும் பார்த்து, "சோஃபி, சுள்ளு ஹேளபேடா, பொய் சொல்லக் கூடாது"ன்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு முழுக்க அழுதிருக்கா.

வீட்டுல அவ இயர்போனை என் காதுல வெச்சு மணிக்கணக்கா கேட்டேன். விசிலே இல்ல. அப்படியே இருந்தாலும் விசில் இவளுக்கு எப்படிக் கேட்கும்? அது மேல்குரல்தானே. எனக்கு ஒண்ணும் புரியல. புது இடத்துல இன்னொரு பிள்ளை வந்ததும் பொறாமையோன்னு உங்க அண்ணன் சொல்றார். எனக்கும் அப்படித்தான் தோணுது. இப்படியே போனா காந்தா மிஸ்ஸுக்கும் பொறுமை போயிடும்.

உங்க
பிரிஜெட்

&nbsp;

மஸ்கட்
29 அக்டோபர் 1994

பிரிஜி,

உடனே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என் மகள் பொய் சொல்ல மாட்டாள். கேட்கிறது என்றால் கேட்கிறது. அங்கிருந்து ஆரம்பி.

எங்கள் ஆலையில் கடல் தண்ணீர் இழுக்க இரண்டு பம்பு இருக்கின்றன. தனித்தனியாக ஓடினால் சத்தம் ஒரே சீராக இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால், வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருப்பதால், ஊம்... ஊம்... என்று மூன்றாவதாக ஒரு சத்தம் வரும். அது எந்த பம்பின் சத்தமும் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் சத்தம். ஒன்றை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

நீ வீட்டில் ஒரு பெட்டியை மட்டும் வைத்துத்தானே கேட்டாய்? ஹரிஷையும் அவன் பெட்டியையும் வீட்டுக்குக் கூப்பிடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேள்.

அதுவரை அவளைத் திட்டாதே. யாரும் திட்ட வேண்டாம் என்று மிஸ்ஸிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

ஓஸ்வால்ட்

&nbsp;

விவேக் நகர்
13 நவம்பர் 1994

என்னங்க, என்னங்க, என்னங்க,

எப்படி எழுதறதுன்னு தெரியல. மெதுவா எழுதறேன்.

இன்னிக்கு பூசை முடிஞ்சதும் ஹரிஷையும் அவங்க அம்மாவையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். சோஃபி இயர்போனை என் காதுல வெச்சுக்கிட்டு, ஹரிஷைப் பக்கத்துல உட்கார வெச்சு, அவன் பெட்டியைப் போட்டேன். கீய்ய்ய்னு விசில். அவன் நகர்ந்தா குறையுது, கிட்ட வந்தா ஏறுது. பெட்டியை அணைச்சா நின்னுபோகுது.

உங்க பம்புதாங்க! இந்த மாதிரி ரிசீவர் கேட்கறது மட்டும் இல்ல, தானும் கொஞ்சம் வெளிய கூவும். ரெண்டையும் பதினஞ்சாயிரம்னு நினைச்சுத்தான் கட்டினேன். ஆனா எஸ்.பி. ரோடு கெப்பாசிட்டர் ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப்போகாதே. பழைய கம்பெனி பாலசுப்ரமணியன் சார் வீட்டுக்கு ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டு ஓடினேன். அவர்கிட்ட அலையை அளந்து காட்டற ஆசிலாஸ்கோப் இருக்கு. சோஃபியோடது பதினஞ்சு, ஹரிஷோடது பதினேழு. வித்தியாசம் ரெண்டாயிரம். அந்த ரெண்டாயிரம்தான் விசில்.

சார் வீட்டு வாசல்ல ஆட்டோவுக்குக் காத்துக்கிட்டு நிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. ரெண்டாயிரம். சோஃபிக்கு ஆயிரத்துக்கு மேல ஒண்ணும் கேட்காதே?

ஓடி வந்தேன். அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வெச்சேன். விசில் கேட்டா கையைத் தூக்குன்னு சொன்னேன். அவ முதுகுக்குப் பின்னாடி ஹரிஷோட பெட்டியைப் போட்டேன். கை மேல போச்சு. அணைச்சேன். கை இறங்குச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருந்து ஏமாத்திப் பார்த்தேன். கை அசையல. மறுபடி போட்டேன், தூக்கினா. ஹரிஷ் அம்மா வாயில கையை வெச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாங்க. எத்தனை தடவை பண்ணேன்னு தெரியாது. கடைசியில அவ திரும்பி, 'போதுமா'ங்கற மாதிரி என்னைப் பார்த்தா.

அவளுக்குக் கேட்குதுங்க. நம்ம நினைச்சதைவிட அதிகமாக் கேட்குது. நான் வெட்டி எறிஞ்சிருந்த மேல்குரல்ல அவளுக்கு வேண்டியது இருந்திருக்கு. விசில் மட்டும் எப்படியோ அந்தக் கெப்பாசிட்டரையும் தாண்டி வந்திருக்கு, அவ்வளவு பலமா இருந்ததால.

நீங்க சொன்னதுதான் சரி. எழுதிட்டேன், பத்திரமா வெச்சுக்கோங்க, இன்னொரு தடவை கிடைக்காது.

உங்க
பிரிஜெட்

&nbsp;

மஸ்கட்
27 நவம்பர் 1994

என் பிரிஜி,

லெட்டரை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அன்று மாலை வரை இரண்டு மீட்டரைத் தப்பாகப் படித்தேன். ஃபோர்மேன் திட்டினார். விஷயத்தைச் சொன்னதும், போய் வெளியே நில் என்றார். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் சரி என்று நீ எழுதியிருக்கிறாய். பாதிதான் சரி. நான் சும்மா சொன்னேன். நீ அந்தப் பெட்டியைக் கட்டாமல் இருந்திருந்தால் அவளுக்கு விசில் அடிக்க யார் இருந்தார்கள்? பதினைந்தாயிரம் தப்பு என்றால், அந்தத் தப்பு இல்லாமல் நமக்கு இது தெரிந்தே இருக்காது.

இப்போது என்ன நம்பர் வைக்கப் போகிறாய்? மூன்றாவது பெஞ்சுப் பிரச்சினை அப்படியே இருக்கிறதே. நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

சென்னை வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதிவிட்டேன். உன்னைக் கேட்காமல் தலையாட்ட மாட்டேன் என்றேன், ஆனால் இதற்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஜனவரி கடைசியில் லீவு கிடைத்திருக்கிறது.

உன்
ஓஸ்வால்ட்

&nbsp;

விவேக் நகர்
18 டிசம்பர் 1994

என்னங்க,

வீடு முழுக்க ரோஸ் குக்கி வாசனை, அதான் அச்சு முறுக்கு சுடறேன். இந்தப் பேப்பர்ல எண்ணெய் பட்டிருந்தா அதுதான்.

சோஃபிக்கு நாற்பதாயிரம் வெச்சுட்டேன். ஹரிஷுக்கு இருபத்தஞ்சு. ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சாயிரம் வித்தியாசம், அந்த விசில் இயர்போன்ல வெளியவே வராது. மேல்குரலை வெட்டற கெப்பாசிட்டரை ரெண்டு பெட்டியிலயும் பிடுங்கிட்டேன். ஹரிஷுக்கும் எவ்வளவு கேட்கும்னு நான் யாரு முடிவு பண்ண?

தூரத்துக்கு ஒரு வழி பண்ணேன். ஏரியல் கம்பி முன்னாடி பெட்டியிலேயே சுருட்டி இருந்துச்சு. இப்ப மெல்லிசு வயரா வாங்கி, யூனிஃபார்ம் தோள்பட்டை வழியா முதுகு, இடுப்புன்னு உள்பக்கமாத் தெச்சுட்டேன். தையல்கடைத் தங்கச்சி ஒருத்தி பார்த்துட்டு, "என்னக்கா எம்பிராய்டரியா"ன்னு கேட்டா. கிளாஸ் கடைசி வரைக்கும் நல்லாக் கேட்குது. கிரவுண்டுல பாதிதான். முன்னாடி மாதிரி ஆபீஸ் ரூம் வம்பு எல்லாம் இனிமே கேட்க முடியாது. அதுல சோஃபிக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்ப கேளுங்க. இத்தனை நாளா அவ தன் பேரை "ஓஃபி"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா. நாமளும் அதைச் செல்லமா நினைச்சு அப்படியே விட்டுட்டோம். அந்த முதல் எழுத்து மேல்குரல், அவ காதுல விழுந்ததே இல்ல. புதன்கிழமை மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இவ சடக்குனு எழுந்து, "ஸ்ஸ்ஸோஃபி"ன்னு சொல்லியிருக்கா. பாம்பு சீறற மாதிரி. கிளாஸே திரும்பிப் பார்த்துச்சாம். காந்தா மிஸ் அவளை மறுபடி சொல்லச் சொன்னாங்களாம், மறுபடி, மறுபடி. அன்னிக்கு அட்டெண்டன்ஸ் முடியவே இல்லையாம்.

சாயங்காலம் மிஸ் வீட்டுக்கே வந்துட்டாங்க. "கிறிஸ்துமஸ் வரைக்கும்னு சொன்னேன் இல்ல? அதை விட்டுடு. ரெண்டாங்கிளாஸுக்கும் நானே வர்றேன்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட கேட்டுட்டேன்"ன்னாங்க. காபி குடிக்காமலே போயிட்டாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டே.

உங்க அண்ணனும் வந்தார். உங்க லெட்டரைப் படிச்சுட்டாராம். அப்புறம் சோஃபிகிட்ட போய், "என் பேரைச் சொல்லு பார்ப்போம்"ன்னார். "ஆம்ப்ரோஸ்ஸ்ஸ்"ன்னா. அவர் பாக்கெட்ல இருந்த சாக்லேட் எல்லாம் காலி.

சீக்கிரம் வாங்க. உங்க பேர்லயும் நடுவுல ஒரு 'ஸ்' இருக்கு. ரெண்டு நாளா அதைத்தான் பிராக்டிஸ் பண்றா.

உங்க
பிரிஜெட்

&nbsp;

பம்பாய், தாதர்
24 பிப்ரவரி 1995

என் பிரிஜி,

நாளைக்கு ஃபிளைட். இந்த லாட்ஜில் மூட்டைப் பூச்சி அதிகம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கே வந்து சட்டைப் பையில் கை விட்டால் காந்தா மிஸ்ஸின் மைக் பெட்டி இருந்தது! கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் சோஃபி என் காலரில் மாட்டிவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, போகும்போது பேசு" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது, கொடுக்க மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்ன செய்வீர்கள் என்று நினைத்து உடனே ரெஜிஸ்டர் பார்சலில் அனுப்பிவிட்டேன். மிஸ்ஸிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். போஸ்ட் ஆபீஸ்காரர் இது என்ன, வெடிக்குமா என்று கேட்டார்.

ஒரு மாசம் ஒரே நாள் மாதிரி ஓடிவிட்டது. ஹரிஷும் அவளும் நம் வீட்டு வாசலில் சண்டை போட்டதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை.

இந்த கான்ட்ராக்ட் டிசம்பரில் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். இந்த முறை உன்னைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். சரியா?

வண்டி கிளம்பும்போது கதவுகிட்ட நின்று அவள் சொன்னபடி பேசினேன். பிளாட்ஃபாரம் தாண்டும் வரைக்கும் பேசினேன். நாற்பதாயிரத்தில் எவ்வளவு தூரம் வந்தது? எது வரைக்கும் அவளுக்குக் கேட்டது?

நான் தைரியமாகத்தான் போனேன். கவலைப்படாதே.

உன்
ஓஸ்வால்ட்

&nbsp;

விவேக் நகர்
12 மார்ச் 1995

என்னங்க,

பார்சல் வந்துடுச்சு. மிஸ் நடுவுல தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தினாங்க. "உங்க ஓஸ்வால்ட் சாருக்கு ஒரு மார்க் கட்"னு சொல்லச் சொன்னாங்க.

கான்ட்ராக்ட் விஷயம்: சரி. நூறு தடவை சரி.

தூரம் கேட்டீங்க இல்ல? வண்டி நகர்ந்ததும் சோஃபி கண்ணை மூடிக்கிட்டா. நான் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க பேசறது ஒவ்வொண்ணையும் அவ எனக்குத் திருப்பிச் சொல்லிக்கிட்டே வந்தா. "அப்பா டாட்டா சொல்றார்." "அம்மாவைப் பார்த்துக்கோன்றார்." அப்புறம் "யாரோ அப்பாவை வழி விடச் சொல்றாங்க, சூட்கேஸாம்"ன்னா. உங்க ரயிலோட கடைசிப் பெட்டி பிளாட்ஃபாரம் முனையில அந்த சிக்னல் கம்பத்தைத் தாண்டற வரைக்கும் சொன்னா. நல்ல தூரம். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

அப்புறம் ஒண்ணும் சொல்லல. ஆனா கண்ணைத் திறக்கவும் இல்ல. மழை வந்துடுச்சா, அதான் அந்த 'சோ'ங்கற இரைச்சல் வந்துடுச்சான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினா. "இன்னும் அப்பா இருக்கார்"ன்னா. என்ன பேசறார்னு கேட்டேன். "பேசல"ன்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு என்னை நிமிர்ந்து பார்த்தா. மூக்கைச் சுருக்கி, ஸ்ஸு, ஸ்ஸு, ஸ்ஸுன்னு உறிஞ்சிக் காட்டினா. அவ்வளவு மெல்லிசு சத்தம், எனக்கே பக்கத்துல இருந்தாத்தான் கேட்கும்.

"அம்மா, அப்பாவுக்கு சளியா?"ன்னு கேட்டா.

ஆமாம்மா, சளிதான்னு சொல்லி அவளைத் தூக்கிக்கிட்டேன்.

உங்க
பிரிஜெட்